கண்களை இமைக்கவும்

பச்சை வட்டம் அப்பாவின் முகத்தில் உட்காரவில்லை.

போன் திரையில் அப்பா நடுநாயகமாகத்தான் இருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதியை நனைத்து நெற்றி நிறையப் பூசி, கல்யாண வீட்டின் முன்வரிசைக்காரர் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வட்டம் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய இடது தோளைத் தாண்டி, அடுக்களைக்குப் போகும் இருட்டு இடைவழியில், எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என்னலே, எடுத்தாச்சா?"

"இல்லப்பா. கொஞ்சம் அனங்காம இரிங்க."

"நான் அனங்கல. உன் போன்தான் கெடந்து அனங்குது."

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில், ஓய்வூதியக்காரர்களிடம் அரசாங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: உயிரோடு இருக்கிறீர்களா? முன்பெல்லாம் வரிசையில் நின்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். வரிசையிலேயே அது பொய்யாகிவிடும் அபாயமும் உண்டு. இப்போது போனில் ஒரு செயலி. முகத்தைப் பார்க்கும், கண்ணை இமைக்கச் சொல்லும், இமைத்தால் இன்னும் ஒரு வருடம் நீங்கள் உயிரோடிருக்கலாம். அப்பா ஆறுமுகசாமி முப்பத்துநான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அட்டையில் உள்ள முகத்தையும் ஆள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. அந்த வேலையை உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று பார்க்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தொழில்முறைப் பொறாமை.

இன்று நவம்பர் முப்பது. கடைசி நாள். இன்று முடியாவிட்டால், நாளை முதல் கணினியில் அப்பா இல்லை.

மகன் மகேஷ்குமாருக்கு மாதம் முழுவதும் அவகாசம் இருந்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் தங்கி, ஒரு கம்பெனிக்காக, சாட்டில் வரும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் தட்டுவது அவன் வேலை. நாளொன்றுக்கு இருநூறு பேரிடம் 'தயவுசெய்து மீண்டும் முயலவும்' என்று எழுதுகிறவன், சொந்த வீட்டு வேலையைக் கடைசி நாள் வரை ஒருமுறைகூட முயலவில்லை. அம்மா அக்காவின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போய் ஒரு மாதம் ஆகிறது. அப்பா தனியாகத்தான் இருக்கிறார். அதற்காகவாவது வந்திருக்கலாம், வரவில்லை.

லென்சைச் சட்டை நுனியால் துடைத்தான். ட்யூப் லைட்டைப் போட்டான். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடைக்கு மேல் மாடி வீடு. கீழே கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஷட்டரை இழுத்துச் சாத்தும் ஓசை மழைக்குள் அமுங்கி அமுங்கிக் கேட்டது, ஈரச் சாக்கின் வாடையும் வற்றல் மிளகாயின் காரமும் படியேறி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டன, இடைவழியின் முடிவில் அடுக்களைக் குழாய் எதையோ எண்ணுவது போல ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.

வட்டம் இன்னும் இடைவழியில்தான். எலுமிச்சம்பழம் இப்போது ஆரஞ்சுப்பழம் ஆகியிருந்தது.

அவனுக்கு இதில் கொஞ்சம் தொழில் ஞானம் உண்டு. முகம் தூரத்தில் இருந்தால் வட்டம் சிறிது. பக்கத்தில் வந்தால் பெரிது.

"அப்பா, எழும்புங்க. நாற்காலியத் திருப்பிப் போடுவோம்."

எதிர்ச் சுவரோடு ஒட்டி அப்பாவை உட்கார வைத்தான். பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். ஒரு காலண்டர்கூட இல்லை. இப்போது இடைவழி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போனைத் தூக்கினான். அப்பா கேமராவைப் பார்த்து, டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பது போல் முறைத்தார்.

"இந்தப் படத்தில் முகம் எதுவும் இல்லை," என்றது போன்.

"என்னவாக்கும் சொல்லுது?"

"மூஞ்சி இல்லையாம்."

"ரிட்டயர்டு ஆனா அதையும் பிடிச்சிருவானோ?"

மகேஷ் சிரித்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

"போன வருஷம் டப்புன்னு எடுத்துச்சேலே," என்றார் அப்பா.

எடுத்ததுதான். போன வருடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒற்றைக் கையால் போனைப் பிடித்து, வந்த கேள்விக்கெல்லாம் 'சரி', 'சரி', 'சரி' என்று தட்டிவிட்டு ஓடினான். நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் தலைமுறை. செயலியில் பழைய பதிவைத் தேடித் திறந்தான். சான்றோடு, அன்று எடுத்த படமும் இருந்தது.

படத்தின் ஓரத்தில் பாதி நாற்காலி. அப்பாவின் ஒரு காது. மற்றதெல்லாம் இடைவழி இருட்டு. அந்த இருட்டின் நடுவில், நேர்த்தியாக, ஒரு பச்சை வட்டம். கீழே: 'முகம் பதிவாயிற்று. இமைப்பு உறுதியாயிற்று.'

வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. இருட்டுதான். ஆனால் அந்த இருட்டு மற்ற இருட்டைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

அப்படியானால் இந்த ஒரு வருடமாக உயிரோடிருப்பதாகச் சான்று வாங்கியிருப்பது யார்?

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். முப்பத்துநான்கு வருடப் பழக்கம். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இது நான் இல்லலே."

"தெரியும்பா. இதுல யாருமே இல்ல. சாப்ட்வேர் கோளாறு."

அப்பா இடைவழியைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்ச நாளா ராத்திரி அடுக்களையில ஒரு செருமல் கேக்கும் மக்கா. நான் செருமினாப்பலயே இருக்கும். நம்ம செருமல்தானேன்னு விட்டுட்டேன். பின்னேதான் தோணிச்சு, நான் கட்டில்ல கெடக்கேன்லா?"

குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செயலியில் 'முகத்தை மாற்ற' என்று ஒரு பொத்தான் இருந்தது. மகேஷ் தட்டினான். அதற்கும் ஒரு நிபந்தனை வந்தது: 'முகத்தை மாற்ற, ஏற்கெனவே பதிவான முகத்தால் உறுதி செய்யவும்.'

வேறொரு நாளாக இருந்தால் இதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி, நூறு சிரிப்புப் பொம்மைகள் வாங்கியிருப்பான்.

"வேண்டாம்லே," என்றார் அப்பா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கக்கூட இல்லை.

"ஒரு நிமிஷம்பா. அது கேக்கதைக் குடுத்தா போயிரும். இல்லேன்னா நாளைக்கு நீங்க இல்லேன்னு எழுதிருவாங்க."

"எழுதினா எழுதட்டு. நான் இங்கதானே இரிக்கேன்."

மகேஷ் திரும்பினான். போனை இடைவழிக்கு நேராகத் தூக்கினான். வெறும் கண்ணுக்கு: சுவர், சுவிட்ச், அம்மாவின் துடைப்பம். திரையில்: வட்டம். சாப்பாட்டுத் தட்டு அளவு. துடைப்பத்துக்கு இந்தப் பக்கம்.

"கண்களை இமைக்கவும்," என்றது போன்.

டிக்.

"உறுதி செய்யப்பட்டது. புதிய முகத்தைக் காட்டவும்."

கரண்ட் போனது.

போனின் விளக்கு தானாக எரிந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தை அப்பாவின் பக்கம் திருப்பினான். அவர் நாற்காலியில் இருந்தார். அப்படியே. நிமிர்ந்து. கை இரண்டும் முழங்காலில்.

"அப்பா, இங்க பாருங்க."

பார்த்தார்.

"இந்தப் படத்தில் முகம் எதுவும் இல்லை."

"அப்பா. கண்ணை ஒண்ணு சிமிட்டுங்க."

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் படத்தில் முகம் எதுவும் இல்லை."

மழை நின்றிருந்தது. கீழே கடைகள் இல்லை, வண்டிகள் இல்லை, மிளகாய் வாடைகூட இல்லை. சவரச் சோப்பின் மணம் மட்டும். அது அப்பாவிடமிருந்து வரவில்லை. அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரையில் வட்டம் தோன்றியது. அப்பாவின் தலையைவிடப் பெரிது. இன்னும் பெரிது. அப்பா மறைந்தார். வட்டமும் மறைந்தது. திரையின் ஓரங்களில் பச்சை வளைவுகள் மட்டும் மிஞ்சின.

லென்சுக்கு அவ்வளவு பக்கத்தில்.

"கண்களை இமைக்கவும்."

டிக்.

"நன்றி. நீங்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது."

அவன் காதோரம் யாரோ செருமினார்கள். இரண்டு தடவை. அப்பா பேசத் தொடங்கும் முன் செருமுவது போல.

"எடுத்தாச்சாலே, மக்கா?"

எதிரே நாற்காலியில் அப்பாவின் வாய் மூடியிருந்தது. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து, புருவத்தைத் தாண்டி, ஒரு வெள்ளைச் சொட்டாக வலது கண்ணுக்குள் இறங்கியது. விழி மேல் மெதுவாகப் பரவியது.

அந்தக் கண் திறந்தே இருந்தது.