நிலவறையில் நீர்ப்பல்லிகள்

மோதெனா நகரத்தில் எர்சிலியாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால், அவர் பெரிய படிப்பாளி என்பது சிலருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் வெறும் "பல்லிக்காரி".

மீனவர்களின் வலையில் சிக்கிக் கால் இழந்த நீர்ப்பல்லிகளை அவர் வாங்கி வருவார். நிலவறைத் தொட்டிகளில் விட்டு வளர்ப்பார். போன கால் மறுபடி முளைக்குமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்துப் பொலோஞா நகரத்து அறிஞர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுநோய் முற்றியது. இருமினால் கைக்குட்டை சிவந்தது. படி இறங்க முடியவில்லை.

"ஓர்சோலா, கால் முளைச்சுதான்னு பாத்துட்டு வாடி," என்று மகளை அனுப்பினார்.

ஓர்சோலா இறங்கிப் போனாள். முதல் தொட்டியில் பல்லி மஞ்சள் வயிற்றைக் காட்டி மிதந்தது. தண்ணீர் நாறியது. மிச்சமிருந்த இன்னொரு பல்லியை அடுத்த தொட்டியில் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சமையல்காரி மெனிகா அவளைப் படியிலேயே மறித்தாள். "முளைச்சிருக்குன்னு சொல்லிடு கண்ணு. சாகப்போற மனுஷி, சந்தோஷமாப் போகட்டும். உன் நாக்கு என்ன தேஞ்சா போகும்?"

"அம்மாகிட்ட அது நடக்காது மெனிகா. எத்தனை விரல்னு கேப்பாங்க."

ஓர்சோலா அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு செத்துப்போச்சும்மா. உன்னைப் பாத்துக்கிட்டதுல தண்ணி மாத்த மறந்துட்டோம்."

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு?"

"உயிரோட இருக்கு. கால் போன இடத்துல ஏதோ புடைச்சிருக்கு. காலா, வீக்கமான்னு எனக்குத் தெரியல."

அம்மா அவள் விரல்களைப் பற்றினார். "தெரியலன்னு சொன்ன பாரு! அந்தப் பொலோஞாக்காரங்க ஒருத்தர் வாயிலயும் இந்த வார்த்தை வராதுடி." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

அன்றிலிருந்து ஓர்சோலா தவறாமல் தண்ணீர் மாற்றினாள். பனி உருகும் முன்பே அம்மா இறந்துபோனார். இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்ட வெகுநேரம் ஆனது. ஓர்சோலாவும் மெனிகாவும் பாதிரியாரும் மட்டும் குளிரில் நின்றார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

சில வாரம் கழித்து, அம்மா இறந்த செய்தி கேட்டு, பெரிய பொய்முடி அணிந்த அறிஞர் ஒருவர் பொலோஞாவிலிருந்து வந்தார்.

"உங்கம்மாவோட கடைசிச் சோதனை என்னம்மா ஆச்சு? கால் முளைச்சுதா?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மெனிகா, 'ஆமாம்னு சொல்லு' என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள். ஒரே வார்த்தைதான். சொன்னால் அம்மாவின் பெயர் ஊரெல்லாம் பரவும்.

ஓர்சோலா அறிஞரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் முடிவு தெரியலீங்க. ஒண்ணு எங்க தப்பால செத்துப்போச்சு. இன்னொண்ணுக்கு விரல் மாதிரி ஏதோ வந்திருக்கு. விரல்தானான்னு நீங்களே பாருங்க."

அறிஞர் அவளையே பார்த்தார். பிறகு மெழுகுவத்தியைக் கையில் எடுத்தார். "வழி காட்டும்மா."

"குனிஞ்சு வாங்க. இந்த நிலவறை வாசல் எங்கம்மா உயரத்துக்கு வச்சது."

அறிஞர் பொய்முடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.