இரைச்சல் நின்ற மத்தியானம்

"என்னடா, இன்னிக்கு இது இரையலையே?"

அண்ணன் கேட்ட கடைசி சாதாரணக் கேள்வி அதுதான்.

மத்தியானம் மூன்று பத்து. ஜன்னல் இல்லாத ஒத்திகை அறை. சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டியிருந்தது. அண்ணனின் கழுத்தில் கிடார். அவருக்குப் பின்னால் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர். எப்போது போட்டாலும் 'ம்ம்ம்' என்று இரைகிற ஆம்ப், இன்று வாயை மூடிக்கொண்டிருந்தது.

அண்ணன் பாதி குனிந்தார். ஆம்ப்புக்குப் பின்னால் இருக்கும் ப்ளக்கைப் பார்க்க.

"நான் பாத்துக்கிட்டேண்ணே," என்றான் தம்பி.

"நீயா?"

"ஆமா. ஒழுங்கா பண்ணியிருக்கேன்."

"ஒழுங்காவா?"

"ஒழுங்கா."

பொய்!

அண்ணன் நிமிர்ந்தார். ஒரு மாதிரியாகச் சிரித்தார். இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மைக்கிடம் போனார்.

உதடு மைக்கில் பட்டது.

பாட்டு வரவில்லை.

தம்பி ஓடிப்போய் மெயின் ஸ்விட்சைத் தட்டினான். அதற்குள் அண்ணன் கிடாரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை...

அறையின் மூலையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டரியில் ஓடும் ரெக்கார்டர்!

தம்பிக்கு அழுகை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. பயம். 'ஒழுங்கா' என்று தான் சொன்னது அதில் இருக்கிறது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பிறகு மூலைக்குப் போய் ரெக்கார்டரை நிறுத்தி, மெமரி கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணன் இறந்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர்கள் பேண்டின் பெயர் 'ஈரத் தீக்குச்சி'. இருபத்தாறு வருஷம். ஏழு ஆல்பம். எங்கே வாசித்தாலும் இருநூறு பேர் வருவார்கள். அதே இருநூறு பேர்! வழுக்கை விழுந்துகொண்டே, மூட்டு வலியோடு, கையைத் தூக்கிக்கொண்டு.

அண்ணன் பாட்டும் கிடாரும். தம்பி பேஸ் கிடார். டிரம்ஸில் இருந்தவனை எல்லோரும் 'இடி' என்பார்கள். இரண்டாவது ஆல்பத்தில் 'பூட்டின கடை' என்று ஒரு பாட்டு. அது ஒன்றுதான் ஊரெல்லாம் ஓடியது. அண்ணனுக்கு அதைக் கேட்டாலே குமட்டும். ஒரு வருஷத்துக்குப் பிறகு மேடையில் அதைப் பாடவே இல்லை. மற்ற இருவரும் தங்கள் வீட்டிலேயே அதை ஒலிக்க விடுவதில்லை.

இந்தக் கதையில் இரைச்சலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பழைய அரங்குகளில் ஒவ்வொரு ஆம்ப்பும் இரையும். ப்ளக்கின் மூன்றாவது பின்னை, அந்தத் தடித்த எர்த் பின்னை, அறுத்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். மின்சாரம் கசிந்தால் ஆளும் நின்றுவிடுவான் என்பது வேறு விஷயம். முதல் வருஷம் தம்பி அப்படி அறுத்ததைப் பார்த்து அண்ணன் திட்டினார். "என்னைக் கொன்னுடாதேடா." இனிமேல் செய்யமாட்டேன் என்று தம்பி சத்தியம் செய்தான்.

செய்தான்! ரகசியமாக, ஆக்சா பிளேடை வைத்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை செய்தான். இரண்டு நாள் அடங்கும். பிறகு இரைச்சல் தானாகத் திரும்பி வரும். பழைய ஆம்ப், அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வான். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

கடைசியாக அறுத்தது அண்ணன் இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ப்ளக்கை ஒரு காகித உறைக்குள் போட்டு ஒட்டித் தூக்கிப் பிடித்தார்.

"பின்னை யாரோ அறுத்திருக்காங்க. இது விபத்து இல்ல."

தம்பி வாயைத் திறந்தான். அதே நேரம் கதவு திறந்தது. பேண்டின் மேனேஜர்! மூச்சு வாங்க ஓடிவந்தவன், அண்ணனின் மேல் போர்த்தியிருந்த துணியைப் பார்த்து மண்டியிட்டான். அவனுடைய போன் அடித்தது.

'பூட்டின கடை...'

பிணத்தின் பக்கத்தில் அந்தப் பாட்டு! தம்பி கூசிப்போனான். மேனேஜர் அவசரமாகப் போனை அணைத்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்காமலேயே அவன் சொல்லத் தொடங்கினான். டிரம்மரைப் போன வாரம்தான் பேண்டிலிருந்து நீக்கினார்கள். இருபத்தாறு வருஷம் வாசித்தவனுக்கு ஒரு கடிதம். கடிதம் கிடைத்த அன்று, அண்ணன் வெளியூர் போயிருந்தபோது, அவன் இங்கே வந்து கத்தியதைத் தெருவே கேட்டது.

"கடிதத்துல யார் கையெழுத்து?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பி தலை குனிந்தான். அவன் கையெழுத்து. 'அண்ணன் சம்மதிச்சுட்டார், நீ மட்டும் போடு' என்று மேனேஜர் நீட்டினான். போட்டான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை இடியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவனிடம் தைரியம் இல்லை.

எதிர்க் கடைக்காரர் சாட்சி சொன்னார். அன்று காலை பதினோரு மணிக்கு இடி உள்ளே போனதைப் பார்த்தாராம். உடனே கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம்.

சாயங்காலமே இடி லாக்கப்பில்!

தம்பி பேசியிருக்கலாம். பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் அண்ணி, சிவந்த கண்ணோடு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவனைச் சும்மா விட்டுடாதீங்க. நம்ம வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டவன்."

அந்தக் கையை உதறவும் முடியவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சட்டைப் பையில் மெமரி கார்டு இருந்தது. நகத்தளவுதான். கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனத்தது.

மூன்றாவது நாள் காலையில் லாக்கப்புக்குப் போனான்.

இடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தாடி நரைத்து முளைத்திருந்தது.

"அண்ணி சாப்பிட்டாங்களாடா?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

இடி கம்பி அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத் தெரியும்டா, பின்னை யார் அறுத்ததுன்னு."

தம்பியின் கை சட்டைப் பைக்குப் போனது.

"இருபத்தாறு வருஷமா உன் முதுகைப் பாத்துத்தான் வாசிச்சிருக்கேன். நீ எங்க தப்பு விடுவேன்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலை."

"ஏன்?"

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டே. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே புருஷன் போயாச்சு. கொழுந்தனும் ஜெயிலுக்குப் போகணுமா? நான் இருந்துக்கறேன். எனக்கு உட்கார்ந்தே பழக்கம்."

தம்பி அங்கிருந்து நேராக இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனான். கார்டை எடுத்து வைத்தான்.

"பின்னை அறுத்தது நான்தான் மேடம். முந்தின நாள் சாயங்காலம். இரைச்சலை நிறுத்த. இதுல என் பொய்யும் இருக்கு. அதான் எடுத்து மறைச்சேன். டிரம்மரை விட்டுடுங்க. என் அண்ணனைக் கொன்னது நான்தான்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"நீங்க அறுத்த ப்ளக் என்ன நிறம்?"

"வெள்ளை."

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்துக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது கறுப்பு!

"ஆம்ப்புல மாட்டியிருந்தது இதுதான். நீங்க அறுத்தது இதுல இருக்கலாம்."

மேஜைக்கடியிலிருந்து அண்ணனின் கிடார் பெட்டியை எடுத்தார். அதன் ஓரத்தில் கம்பி, துணி எல்லாம் வைக்கிற அறையைத் திறந்து கவிழ்த்தார்.

ப்ளக்குகள்! வெள்ளை, பழுப்பு, வெடித்தது, வெளிறியது... பதினொன்று. ஒவ்வொன்றிலும் மூன்றாவது பின் அறுபட்டிருந்தது. ஒவ்வொன்றையும் தம்பிக்கு அடையாளம் தெரிந்தது.

"எதுக்கு இதைச் சேர்த்து வச்சிருந்தார்னு எனக்கு மூணு நாளா புரியலை," என்றார் இன்ஸ்பெக்டர். கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

முதலில் கதவு சாத்தும் சத்தம். பிறகு 'ம்ம்ம்' என்று அந்த இரைச்சல். அப்புறம்... அண்ணனின் குரல்!

"வாடா இடி. அடடே, பழக்கதோஷத்துல ரெக்கார்டரைத் தட்டிட்டியா? சரி, ஓடட்டும். இந்தா பாரு, மறுபடியும் அறுத்து வச்சிருக்கான். இப்பத்தான் புதுசு மாத்தி ஆம்ப்பைப் போட்டேன்."

"ஒரு தடவை நாலு அறை விடுங்கண்ணே," என்றது இடியின் குரல்.

"வேணாம்டா. அவன்கிட்ட சொல்லிடாதே. அவமானத்துல ரெண்டு நாள் சாப்பிட மாட்டான்."

தம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணன் தொடர்ந்து பேசினார். கடிதத்தைப் பற்றித் தனக்கு நேற்று ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது என்றார். இடி சொன்னது உண்மை என்றார். ஏழு ஆல்பத்தையும் மேனேஜர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டிருக்கிறான், அதைக் கண்டுபிடித்ததால்தான் இடியை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறான், இப்போதுதான் போனில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன், நாளைக்கு வக்கீலிடம் போகிறேன் என்றார். "நீ எங்கயும் போகலை. நாளையிலேருந்து வாசிக்க வந்துடு. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

இருவரும் வெளியே போகும் சத்தம். இரைச்சல் மட்டும் ஓடியது.

"மேனேஜரைப் பத்தி டிரம்மர் எங்ககிட்டயும் சொன்னார்," என்றார் இன்ஸ்பெக்டர். "வேலை போன ஆத்திரத்துல பேசறார்னு நினைச்சுட்டேன். என் தப்பு."

பதிவை முன்னே தள்ளினார். ஒன்றே கால் மணி அளவில் கதவு மீண்டும் திறந்தது. மெயின் ஸ்விட்ச் 'டக்' என்றது. இரைச்சல் நின்றது. திருப்புளி சத்தம். பிளேடு அறுக்கும் சத்தம்.

"எர்த் பின்னை அறுத்தா மட்டும் ஆள் சாகறதில்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆம்ப்புக்குள்ள கரண்ட் ஒயரை இரும்புப் பெட்டியோட சேர்த்து முறுக்கி வச்சிருந்தாங்க. அதை வெளியில சொல்லாம வச்சிருந்தேன். ஒயர் வேலை தெரிஞ்ச ஆள்தான் செய்யணும்."

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேனேஜர் மேனேஜராவதற்கு முன்னால் யார்? அவர்களுடைய ஒயர்மேன்!

அப்போது கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பாட்டு கிளம்பியது.

'பூட்டின கடை...'

இரண்டு வரி. பிறகு யாரோ கெட்ட வார்த்தை சொல்லிப் போனை அணைத்தார்கள்.

"இது உங்க பாட்டுதானே? யார் போன்ல இருக்கு?"

"எங்கள்ல அதைக் கேட்க முடிஞ்ச ஒரே ஆள்கிட்ட," என்றான் தம்பி.

ரெக்கார்டரைத் தட்டுவது எப்போதுமே இடியின் வேலை. முதல் ஆளாக வந்து டிரம்ஸை விரிப்பவன் அவன்தான். அவனைத்தான் துரத்திவிட்டோமே, இனி யார் தட்டப்போகிறார்கள் என்று மேனேஜர் மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் கை தானாகப் பொத்தானுக்குப் போவதைக் கடிதம் போட்டு நிறுத்த முடியாது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து யாருக்கோ உத்தரவு கொடுத்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நீங்க போகலாம். கார்டை மறைச்சதுக்கு மட்டும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுங்க."

தம்பி நகரவில்லை.

"மேடம், அண்ணன் அன்னிக்கு ப்ளக்கைப் பார்க்கக் குனிஞ்சார். புதுசா மாத்தின ப்ளக். இரையலையேன்னு அவருக்குச் சந்தேகம். பாத்திருந்தா உயிரோட இருந்திருப்பார். 'ஒழுங்கா பண்ணியிருக்கேன்'னு சொல்லி நிமிர வச்சது நான். நான் இந்தத் தடவையாவது ஆளைக் கூப்பிட்டு ஆம்ப்பைச் சரி பண்ணிட்டேன்னு நம்பிட்டார். அதுக்கு என்ன தண்டனை?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அதுக்குச் சட்டத்துல பிரிவு இல்ல தம்பி."

அண்ணியிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னான். ப்ளக், பொய், கார்டு, மூன்று நாள். அண்ணி திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். அதே அறை.

கதவு திறந்தது. இடி முதலில் வந்தான். கை தானாக ரெக்கார்டரைத் தட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி அனுப்பியதாக ஒரு காகிதப் பொட்டலத்தைத் தம்பியிடம் கொடுத்தான். அவள் இன்னும் தம்பியிடம் பேசவில்லை.

தம்பி பிரித்தான். புது ப்ளக். மூன்று பின்னும் முழுசாக.

கண்ணீர் மறைத்தது. உட்கார்ந்து, திருப்புளியை எடுத்து, பச்சை ஒயரை எர்த் பின்னில் இறுக்கினான். பழுது பார்த்து வந்திருந்த ஆம்ப்பில் மாட்டினான். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான்.

மெயின் ஸ்விட்சைப் போட்டான்.

ம்ம்ம்ம்ம்...

அதே இரைச்சல்! ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை. இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே கேட்டார்கள்.

"இரையுதுடா," என்றான் இடி.

"இரையட்டும்."

இடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். குச்சிகளைக் கையில் எடுத்தான். காதைச் சாய்த்து இன்னொரு தரம் கேட்டான்.

"இருபத்தாறு வருஷமா நம்ம பேண்டுல சுதி விலகாம வாசிக்கிறது இது ஒண்ணுதான்!"