தறிகள் நின்ற பகல்

சித்திரை மாத வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு குட்டியானை வண்டி இராஜபாளையத்துத் தறித்தெருவுக்குள் நுழைந்தது. கட்டில், பாத்திரங்கள், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு. பின்னாலேயே பைக்கில் ஜெயசித்ராவும் அவள் கணவன் ஜெபக்குமாரும்.

வீடு என்று பேருக்குத்தான். பேண்டேஜ் துணி நெய்த பழைய தறிக்கூடம் அது. தறிகளை விற்றுவிட்டு, தரைக்குச் சிமெண்ட் பூசி, நடுவில் ஒரு சுவர் எழுப்பி, முன்பாதியைக் குடியிருக்கிற மாதிரி ஆக்கியிருந்தார் வீட்டுக்காரர் சேதுபதி. பின்பாதி நீளமாக, ஜன்னல் குறைவாக, இருட்டாகக் கிடந்தது. கஞ்சி வாடையும் எந்திர எண்ணெய் வாடையும் இன்னும் போகவில்லை. அந்தப் பின்பாதியைப் பார்த்துத்தான் ஜெயசித்ரா சரி என்றாள்.

அவளுக்குத் தொழில் இசை. முன்பு கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்தவள். இப்போது கிறிஸ்தவப் பாடல்களுக்கு இசையமைத்து வீட்டிலேயே பதிவு செய்கிறாள், பாடுவது ஜெபக்குமார்.

"சத்தம் கொஞ்சம் இருக்கும்மா," என்றார் சேதுபதி. அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, அகன்ற தோள், மெதுவான பேச்சு. "ரெண்டு பக்கமும் தறி ஓடுதுல்லா. பழகிரும். நாங்கள்லாம் தறி நின்னாத்தான் முழிச்சுக்கிடுவோம்."

கொஞ்சம் இல்லை. காலையிலிருந்து நடுச்சாமம் வரை டடக் டடக் டடக் என்று சுவரே அடி வாங்கிக்கொண்டிருந்தது. மைக்கை வைத்தால் பாட்டுக்கு முன்னால் தறிதான் பதிவானது. அந்தத் தெருவில் தறிகள் மொத்தமாக நிற்பது மாதத்துக்கு ஒரு நாள்தான்: பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் நிறுத்துகிற நாள். இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் ஓட்டி, அந்த ஒரு பகலில் மொத்தப் பாட்டையும் பதிவுசெய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

முன்னாலேயே ஒரு வேலையை முடித்து வைத்திருந்தாள். சின்தசைசர் ஒலிகளையும் பதிவையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டினால் அது திணறியது. கட்டையை அழுத்தினால் சத்தம் ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தி வரும். அந்தச் சிறு பங்கு போதும், விரல் தாளத்தை விட்டுவிடும். அதனால் பழைய கம்ப்யூட்டரில் சின்தசைசரை மட்டும் ஓட்டி, அதன் சவுண்ட் கார்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, லேப்டாப்போடு இணைந்த புது சவுண்ட் கார்டில் செருகினாள். ஒன்று ஒலியை உண்டாக்கும்; மற்றது கேட்டுப் பதிந்துகொள்ளும். ஒலியைக் கம்ப்யூட்டர் எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பதற்கான பஃபர் என்கிற அளவைக் குறைக்கக் குறைக்கத் தாமதமும் குறையும்.

கரண்ட் போன நாள் வந்தது.

ஒன்பது மணிக்குத் தெரு முழுக்கத் தறிகள் ஒரேயடியாக மூச்சை விட்டு நின்றன. ஜெயசித்ரா பின்பாதியின் ஜன்னல்களில் மெத்தையைச் சாத்தினாள். பட்டப்பகலில் அறை கருத்துப்போனது. லேப்டாப் வெளிச்சத்தில் ஜெபக்குமாரின் முகம் மட்டும் தெரிந்தது.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் ஜெபக்குமார் பாதியில் நிறுத்தினான்.

"சித்ரா, தறிச் சத்தம் கேக்கு."

"கரண்டே இல்லையே."

"ஹெட்போனுக்குள்ள கேக்கு."

தன் ஹெட்போனை அவளும் மாட்டினாள். டடக். டடக். தூரத்தில் ஒரே ஒரு தறி. கேபிளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, இரண்டு கார்டுகளுக்கும் நடுவில் இருந்த அந்தக் கேபிளைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

புது கார்டில், கேபிள் போய் வெறுமனே கிடந்த முதல் இன்புட் துளைக்கு மேல் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

பஃபர் பெரிதாக இருந்தால் இப்படிப் பழைய ஒலி தேங்கி நிற்குமோ என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஐந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருநூற்று ஐம்பத்தாறுக்குக் குறைத்தாள். தறி பக்கத்தில் வந்தது. நூற்று இருபத்தெட்டு. தறிக்கு அடியில் ஒரு பெண் மூச்சு வாங்கினாள். அறுபத்து நான்கு.

"விட்ருங்க மொதலாளி."

காதுக்குள்ளேயே சொன்ன மாதிரி இருந்தது.

ஜெயசித்ரா ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். ஜெபக்குமார் எறியவில்லை. கண்ணை மூடி, அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பளார்.

அறையில் யாரும் அவனை அடிக்கவில்லை. ஆனால் அவன் தலை ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது. உதடு கிழிந்து இரத்தம் மைக்கில் தெறித்தது. அவன் நிமிர்வதற்குள் அடுத்த அடி. இந்த முறை ஒரு பல் தரையில் விழுந்து உருண்டது. நாற்காலியோடு அவன் சாய, ஜெயசித்ரா பாய்ந்து ஹெட்போனைப் பிய்த்து எடுத்தாள்.

அடி நின்றது.

அவன் கழுத்தில், நாலு விரல் அகலத்தில், துணிநாடாவை இறுக்கிய மாதிரி ஒரு சிவப்புத் தடம் இருந்தது.

பதிவான கோப்பைப் போட்டுப் பார்த்தாள். ஜெபக்குமாரின் பாட்டு இருந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. வெறும் மௌனம்.

பக்கத்துக் கூடத்தில் தறி ஓட்டுகிற தங்கபாயை அழைத்துவந்தாள். இருபத்தைந்து வருடமாக அதே தெருவில் வேலை செய்கிறவள். பஃபரை நூற்று இருபத்தெட்டுக்கு மட்டும் ஏற்றி, ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் விட்டாள். தறிக்கு அடியில் மூச்சு வாங்கிய குரல் கேட்டதும் தங்கபாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது வெள்ளத்தாயில்லா!"

"யாரு அது?"

"இந்தக் கூடத்துல மூணாந்தறி ஓட்டுனா. இருவது வருசமாச்சு. ஒரு நாளு வேலைக்கு வந்தவ வீட்டுக்குப் போகல. தளவாய்புரத்துக்காரன் ஒருத்தன் கூட ஓடிட்டான்னு சேதுபதி மொதலாளி சொன்னாரு. அவ ஆத்தா தெருத் தெருவா அழுதுக்கிட்டே அலைஞ்சுச்சு. நானுந்தான் ஓடிட்டான்னு நம்புனேன்." அவள் குரல் உடைந்தது. "நான் இந்தச் சுவத்துக்கு அங்கிட்டுதான் நின்னேன், தாயி. தறி ஓடுச்சே. ஒண்ணும் கேக்கலியே."

ஜெபக்குமார் வீங்கிய வாயோடு, வீட்டைக் காலி பண்ணிவிடலாம் என்றான்.

"போலீஸ்ல என்னத்தச் சொல்ல?" என்றாள் ஜெயசித்ரா. "பதிவே ஆகலையே. யாரு நம்புவா?"

"அதுக்கு?"

"அவரே கேக்கட்டும்."

அடுத்த மாதம் கரண்ட் நின்ற பகலில் சேதுபதியை அழைத்தாள். பாட்டு தயாராகிவிட்டது, முதல் ஆளாக அவர்தான் கேட்க வேண்டும் என்றாள். அவருக்கு மகிழ்ச்சி. மதியச் சாப்பாட்டை முடித்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். ஜெபக்குமார் வாசலில் நின்றான்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். முதலில் பாட்டைத்தான் விட்டாள். அவர் தொடையில் தாளம் போட்டார். "நல்லாருக்கும்மா. தம்பி குரல் சுத்தமா இருக்கு."

அவள் பாட்டை நிறுத்தினாள். பஃபரைக் குறைத்தாள்.

அவர் விரல் தாளத்தை விடவில்லை. ஆனால் இப்போது அது பாட்டின் தாளம் இல்லை. டடக். டடக். டடக்.

சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்னம்மா இது?"

நூற்று இருபத்தெட்டு.

"எங்க அண்ணாச்சி போட்டீக அவள?" என்றாள் ஜெயசித்ரா.

"எவள?"

அறுபத்து நான்கு.

சேதுபதி எழுந்தார். ஹெட்போனைக் கழற்ற இரண்டு கையாலும் இழுத்தார். அது வரவில்லை. காதோரம் தோல் கிழிந்தது. அடுத்த நொடி அவர் ஜெயசித்ராவின் மேல் பாய்ந்து, கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். "எவடி சொன்னது? அந்தத் தங்கபாயா? ஒன்னையும் அவ கூடயே வச்சுப் பூசிருவேன்!"

அவளுக்குக் கண் இருண்டது. ஜெபக்குமார் ஓடிவந்து அவர் கையைப் பிரிக்கப் பார்த்தான். அவர் முழங்கையால் இடித்ததில் சுருண்டு விழுந்தான். ஜெயசித்ராவின் வலது கை மேசைமேல் தடவித் தடவி லேப்டாப்பைத் தொட்டது.

முப்பத்திரண்டு.

அவர் பிடி தளர்ந்தது.

யாரோ குடுமியைப் பிடித்து இழுத்த மாதிரி அவர் தலை பின்னால் போனது. பளார். பளார். தாடை விலகித் தொங்கியது. அந்தத் தொங்கிய வாயிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"விட்ருங்க மொதலாளி. புள்ள வீட்ல தனியாக் கெடக்கு."

பிறகு அவர் குரல், குழறிக் குழறி. "நிறுத்து... தாயி... நிறுத்து..."

அவர் குப்புற விழுந்தார். அறையின் மூலைக்குக் காலைப் பிடித்து இழுக்கப்பட்டவர்போலத் தரையில் தேய்ந்துகொண்டே போனார். நகங்கள் சிமெண்டில் கீறின. மூலையில் தலை உயர்ந்தது. தரையில் மோதியது. உயர்ந்தது. மோதியது. தறி அடிக்கிற அதே கணக்கில்.

டடக்.

டடக்.

லேப்டாப்பிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகிற வயர் ஜெயசித்ராவின் கையில் இருந்தது. சவுண்ட் கார்டுக்கு உயிர் கொடுப்பது அதுதான். பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடலாம். அவளுக்கு அது தெரியும். ஜெபக்குமார் தரையில் கிடந்தபடியே, "பிடுங்கு சித்ரா! பிடுங்கு!" என்று கத்தினான்.

அவள் பிடுங்கினாள். எப்போது பிடுங்கினாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அறையில் அமைதி. சேதுபதியின் முகம் இருந்த இடத்தில் முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவர் தலைக்கு அடியில் சிமெண்ட் நட்சத்திரமாக வெடித்திருந்தது. வெடிப்பின் வழியாக, மண் நிறத்தில், ஒரு துணியின் நுனி வெளியே தெரிந்தது.

போலீஸ் வந்தது. வலிப்பு வந்து தரையில் மோதிக்கொண்டார் என்று எழுதினார்கள். வேறு என்ன எழுத முடியும்? ஆனால் வெடிப்பைத் தோண்டாமல் விடவில்லை. மூன்றடி ஆழத்தில் எலும்புகள் கிடைத்தன. கழுத்தெலும்பைச் சுற்றி பேண்டேஜ் துணி ஏழெட்டுச் சுற்று. கண்ணாடி வளையல் துண்டுகளைப் பார்த்துத் தங்கபாய் அடையாளம் சொன்னாள். வெள்ளத்தாயின் ஆத்தா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அன்று வீட்டில் தனியாகக் கிடந்த மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வெள்ளைத்துணி மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது ஜெயசித்ராவின் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

அந்தப் பிடியில்தான் ஜெயசித்ராவுக்குக் கொஞ்சம் தூக்கம் திரும்பியது.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, சாமான்களை எடுக்க வந்தார்கள். வெளியே வெயில் காய்ந்தது. இரண்டு பக்கமும் தறிகள் முழு வேகத்தில் ஓடின. ஜெபக்குமார் கட்டிலைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாட்டுகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெயசித்ரா லேப்டாப்பைத் திறந்து, சவுண்ட் கார்டின் வயரைச் செருகினாள். முதல் இன்புட்டுக்கு மேல் இருந்த விளக்கைப் பார்த்தாள். அணைந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். அணைந்தேதான் இருந்தது.

"போயிட்டா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண் கலங்கியது.

இரண்டாவது இன்புட்டின் விளக்கு பச்சையாக எரிந்தது.

அதில் கேபிள் இல்லை. அதை அவள் ஒருநாளும் பயன்படுத்தியதே இல்லை.

மேசைமேல் கிடந்த ஹெட்போனை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. வெள்ளத்தாய் இல்லை. சின்னப் பெண். பதினைந்து வயதுகூட இருக்காது.

"அக்கா... வெள்ளத்தாயக்காவ மட்டும் கூட்டிட்டுப் போயிட்டீக?"

அந்தக் கார்டில் மொத்தம் எட்டு இன்புட்டுகள்.

மூன்றாவது விளக்கு எரிந்தது. பிறகு நான்காவது.