குப்பம்மாள் குடத்து ரோடு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு தண்ணீர்க் குடம் தார் ரோடாகிப் போன கதை சொல்கிறேன். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம், எழுந்து மட்டும் போகக்கூடாது.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற வழி முன்பெல்லாம் வெறும் சேறு. மழை பெய்தால் லாரிச் சக்கரம் பாதி புதைந்துவிடும். அங்கே ரோடு போட வந்தவர்கள், "தாரோட பழைய பிளாஸ்டிக்கும் சேர்க்கப்போறோம், கொண்டாங்க" என்றார்கள். ஊரே பையும் கவருமாக அள்ளிக் கொடுத்தது. குப்பம்மாள் தன் ஓட்டைக் குடத்தைக் கொடுத்தார். பச்சை பிளாஸ்டிக் குடம். கொடுக்கும்போது அதற்கு ஒரு முத்தமும் கொடுத்தார்.

ரோடு பளபளவென்று வந்தது. கூடவே வம்பும் வந்தது.

ஒருநாள் வானம் கறுத்துவிட்டது. ஜான்சியின் அப்பா ஆரோக்கியராஜ் கோடையெல்லாம் வாரிய உப்பு, அளத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மழைக்கு முன் லாரியில் ஏற்றாவிட்டால் அத்தனையும் கரைந்துவிடும். நல்லவேளை, லாரி வந்தது. ஆனால் ரோட்டு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் குப்பம்மாள்.

ஓட்டுநர் சகாதேவன் ஹாரன் அடித்தார். "ஏம்மா, நகரும்மா!"

"நகர மாட்டேன். இந்த இடத்துலதான் என் குடம் இருக்குது. லாரி ஏறுனா நசுங்கிடும்."

"குடம் எங்கம்மா தெரியுது? எல்லாம் கறுப்பாத்தானே இருக்குது?"

"நல்லாப் பாரு. இங்க பச்சையா மின்னுது."

சகாதேவன் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அது ஒரு பூவரச இலை.

ஆரோக்கியராஜ் கையைப் பிசைந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஜான்சி முன்னால் வந்தாள்.

"அத்தை, குழம்புல போட்ட உப்பு எங்க இருக்குது?"

"இது ஒரு கேள்வியா? குழம்பு பூரா இருக்குது."

"உங்க குடமும் அப்படித்தான். பொடிசா வெட்டி, சூடான ஜல்லியில தூவித்தான் தார் கலந்தாங்க. நான் பார்த்தேன். அது ரோடு பூரா இருக்குது."

குப்பம்மாள் முகம் மலர்ந்தது. "அப்ப ரோடு பூராவும் என்னுதுன்னு சொல்லு!" நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கெடுத்தியே பாப்பா!" என்று சகாதேவன் தலையில் கை வைத்தார். வானம் உறுமியது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டு மந்தை ரோட்டோடு போனது. போன வழியெல்லாம் புழுக்கை. ஜான்சி ஓடிப்போய்த் துடைப்பம் கொண்டுவந்தாள்.

"இந்தாங்க அத்தை. உங்க ரோட்டை அந்த வளைவு வரைக்கும் கூட்டிடுங்க."

குப்பம்மாள் துடைப்பத்தைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். "ஏன்டி, ஊரே பிளாஸ்டிக் குடுத்துச்சு, நான் மட்டும் கூட்டணுமா? இது எல்லாரோட ரோடுதான்!"

சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் முகம் வாடிப்போயிற்று. "கல்யாணம் ஆன புதுசுல வாங்கின குடம்டி" என்றார் மெதுவாக.

ஜான்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா நீங்கதானே அதைச் சுமந்தீங்க? இன்னிக்கு அது உங்களைச் சுமக்கட்டும். லாரியில முன்னாடி ஏறுங்க."

ஏறினார். அளம் வரைக்கும், "மெதுவா! என் குடம், மெதுவா!" என்று சகாதேவன் காதில் கத்திக்கொண்டே போனார்.

கடைசி மூட்டை ஏறி, தார்ப்பாய் கட்டி முடித்தபோது மழை கொட்டியது. லாரி புதையாமல் திரும்பி வந்தது. தண்ணீர் ரோட்டுக்குள் இறங்காமல் இரண்டு பக்கமும் வழிந்தோடியது.

குப்பம்மாள் ரோட்டோரம் நின்ற ஜான்சியைப் பார்த்து லாரி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பார்த்தியா ஜான்சி? இப்ப என் குடம் ஒழுகவே இல்லை!"

உங்கள் வீட்டுக் குடமும் ஒழுகாமல் நிறைந்திருக்கட்டும், குழம்பில் உப்பு அளவாக இருக்கட்டும், என் கண்ணுகளா.