குரூப்ல போட்டாச்சு

“முன்னிறுத்தம்னா இன்னாடி? பஸ் ஸ்டாப்பா?”

ஷேர் ஆட்டோவில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போனைக் காதில் வைத்திருந்த யசோதரா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே கோபம்.

வெளியே ஐப்பசி மழை. டோல்கேட் அருகே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, ஆட்டோ நகரவே இல்லை. பொழுது போக வேண்டுமே... தலைமை அலுவலகம் அனுப்பிய புதுச் சுற்றறிக்கையை மடியில் விரித்து, தண்டையார்பேட்டை கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி சௌமியாவுக்குப் போனிலேயே படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

யசோதராவுக்கு எண்ணூர் கிளை. நூலகர், உதவியாளர், அலமாரி துடைப்பவர் எல்லாமே அங்கே அவள் ஒருத்திதான். படிப்பு நூலக அறிவியல்; சம்பளம் தொகுப்பூதியம். வருஷா வருஷம் நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் நாற்காலி.

“‘வாசகர் நூல் முன்னிறுத்தம் கோரும் நேர்வில்’ன்னு போட்டுகீதுடி. இதை எழுதின ஆளு வூட்ல சோறு எப்படிக் கேப்பான்? அன்ன முன்னிறுத்தம் செய்கன்னா?”

“ஒரு புக்கை யாராவது கேட்டா, அது வந்ததும் அவங்களுக்குன்னு எடுத்து வைக்கிறதுங்க” என்றது பக்கத்துக் குரல்.

திரும்பினாள். நனைந்த மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். கண்ணாடி இல்லாத கண்கள்... சற்றே சுருங்கி, எதிரே இருப்பதையெல்லாம் தேடித் தேடிப் பார்க்கிற கண்கள். அவளிடம் வந்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டன.

“அதை அப்படியே எழுதினா இன்னா? கை தேஞ்சிடுமா அந்த ஆளுக்கு?”

“தேயாதுங்க. மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தாங்க அந்த ஆளு.”

போனுக்குள் சௌமியா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். யசோதராவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. இறங்கினால் முழங்கால் அளவு தண்ணீர்...

அவன் பெயர் சுடலைராஜ். புதிய சேவை, புதிய நடைமுறை என்று எது வந்தாலும் கிளை நூலகங்களுக்குத் தெரிவிப்பதுதான் தலைமை அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வண்ணாரப்பேட்டையில் அப்பா மாசானத்துக்கு நைட்டி மொத்த வியாபாரம். குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது. கடையில் உட்காராமல் அரசாங்கப் பேனா பிடிக்கப் போனவன் என்று வீட்டில் அவனுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்.

மறுநாள் சாயங்காலமே அவளுக்குப் போன் வந்தது. அடுத்த சுற்றறிக்கை தயார், முதலில் அவளிடம் படித்துக் காட்டலாமா என்று கேட்டான். அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியுமாம்.

“அப்போ நான் மக்குன்னு சொல்றே.”

“இல்லைங்க. புரியலைன்னு வாயைத் திறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் கட்டைவிரல் படம் போட்டுட்டுப் போயிட்டாங்க.”

அது உண்மைதான். ஊழியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. சுற்றறிக்கை அதில் வந்து விழும். விழுந்த வேகத்தில் ‘ஓகே மேடம்’, கும்பிடு, கட்டைவிரல், நடுவே ரோஜாப்பூவோடு காலை வணக்கம். படித்துப் புரிந்துகொண்டவர் யார் என்று அந்த ஆண்டவனுக்கும் தெரியாது. குரூப்பில் போட்டுவிட்டால் தெரிவித்தாகிவிட்டது. கட்டைவிரல் வந்துவிட்டால் தெரிந்துகொண்டாகிவிட்டது. நூலகத் துறையில் எல்லோரும் மனம் ஒப்பி நடத்திய பொய் அது.

அந்தப் பொய்க்கு வெளியே இரண்டு பேர் மட்டும் உண்மையாகப் பேசிக்கொண்டார்கள்.

அவன் படிப்பான்... அவள் உடைப்பாள். ‘முன்னிறுத்தம்’ போய் ‘எடுத்து வைத்தல்’ வந்தது. ‘நேர்வில்’ போய் ‘கேட்டால்’ வந்தது. சுற்றறிக்கையோடு குரல் பதிவும் போடு, எங்க ஜனம் காதால படிக்கும் என்று அவள் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு புதுச் சேவையையும் தன் குரலிலேயே விளக்கி அனுப்பினான். ‘சொல்லுதேன்’, ‘பாக்கணும்லா’ என்று இழுக்கும் அந்தத் தெற்கத்திக் குரலை அவள் கேலி செய்யாத நாள் இல்லை. ராத்திரி அம்மா கெங்கம்மா தூங்கிய பிறகு அதே பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

மழை நின்றது. மார்கழி வந்தது. ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. காசிமேட்டு மீன் வாடையடிக்கும் பேருந்து நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருப்பான். அவள் வந்ததும் ஏதோ ஒரு நடைமுறையில் சந்தேகம் கேட்பான். அவன் கேட்பது நடைமுறை இல்லை என்று அவளுக்குத் தெரியும்... அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

இதில் அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. அந்த வாட்ஸ்அப் குரூப்பைச் சத்தமே வராதபடி மியூட் செய்துவிட்டாள். திறப்பதே இல்லை. எதுவானாலும்தான் அவன் முதலில் தன்னிடம் சொல்லிவிடுகிறானே... அப்புறம் ரோஜாப்பூக்களை எதற்குப் பார்ப்பது?

பொங்கலுக்குச் சற்று முன்னால் அந்தச் சேதியும் அவன் வாயால்தான் வந்தது. நூலகங்களுக்குப் புதிய மென்பொருள் வருகிறது. வாசகர் தானே இயந்திரத்தில் வைத்து நூல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மாதக் கடைசியில் ஒரு நாள் பயிற்சி. பயிற்சி முடித்த தொகுப்பூதியக்காரர்களைத்தான் நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைப்பதாக மேடம் சொல்லியிருக்கிறார்.

யசோதரா அன்று காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வீடு வரை நடந்தே போனாள். அப்பா பரசுராமன் துறைமுகத்தில் லோடு இறக்குபவர். இடுப்பு விட்டுப்போய் வாரத்தில் பாதி நாள் வீட்டில். மகள் நிரந்தரமானால் அவர் அந்த மூட்டை தூக்கும் கொக்கியைக் கீழே வைக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போனாள். உன் அம்மாவுக்குப் பொங்கலுக்கு ஏதாவது எடுக்கலாம், எங்க அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று அவன்தான் கூப்பிட்டிருந்தான்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த செல்லம்மா முகம் மலர வரவேற்றாள். மகன் ஒரு பெண்ணைக் கடைக்கு அழைத்து வருவது எதற்கு என்று புரியாத தாயா? டீ சொல்லச் சொன்னாள். நல்ல நைட்டியாக நாலைந்தை எடுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்.

“மெட்ராஸ்ல எந்தப் பக்கம் பிள்ளை, உங்க வீடு?”

யசோதரா வாயைத் திறக்குமுன் சுடலைராஜ் சொன்னான். “பெரம்பூரும்மா.”

“பெரம்பூரா? அப்பா ரயில்வேயோ?”

“ஆமாம்மா.”

கையிலிருந்த நைட்டியை யசோதரா மெல்ல மடித்து வைத்தாள். காது மடல் சுட்டது. பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே ஒரு பாலம்தான்... ஆனால் வியாசர்பாடி என்றால் சேரி என்று ஒதுக்குவார்களே என்று, அந்தப் பாலத்தைத் தாண்டி எத்தனை பேர் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். வேலை கேட்கப் போன இடத்தில், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில்... இப்போது காதலிக்கப் போன இடத்திலும்.

“வியாசர்பாடிங்க” என்றாள். “அப்பா ஹார்பர்ல லோடுமேன்.”

செல்லம்மா திட்டவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. ‘அப்படியா’ என்று மட்டும் சொன்னாள். டீயைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. விரித்துப் போட்ட நைட்டிகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின.

வெளியே வந்து தெருமுனையில் அவன் தடுத்தான். கோபப்படாதே, அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கலாம் என்றுதான்...

“கொஞ்சம் கொஞ்சமா சொல்றதுக்கு நான் இன்னா கேன்சரா?”

அவன் முகம் வெளிறியது.

“முன்னிறுத்தத்தை எடுத்து வைக்கிறதுன்னு சொல்லத் தெரிஞ்ச உனக்கு, வியாசர்பாடின்னு சொல்ல நாக்கு வரல. அது வர்ற அன்னிக்குப் போன் பண்ணு. அதுவரைக்கும் பண்ணாதே.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் போன் அடிக்கும் என்று எதிர்பார்த்தாள்... அடிக்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. அவனுக்கும் ரோஷம் இருக்காதா? நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாளே... அவள் எடுக்கட்டும் என்று அவனும், அவன் எடுக்கட்டும் என்று அவளும். இரண்டு போன்களும் ஊமையாகக் கிடந்தன.

மாதக் கடைசிக்காக யசோதரா மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு எந்தப் புடவை என்பது உட்பட. அப்போதுதான் ஒரு மாலை சௌமியாவின் ஸ்டேட்டஸில் அந்தப் படத்தைப் பார்த்தாள். பெரிய ஹால். வரிசையாகக் கணினிகள். கிளை நூலகர்கள் எல்லோரும் கையில் சான்றிதழோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்றுநருக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டதால் தேதியை முன்னால் இழுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை குரூப்பில் போட்டு, திங்கட்கிழமை நடத்தி முடித்துவிட்டார்கள்.

உடனே சௌமியாவை அழைத்தாள். ஏன்டி எனக்குச் சொல்லலை என்று கேட்டாள். சௌமியா திகைத்துப்போனாள்.

“உனக்கு நான் சொல்லணுமாடி? சுடலை சார் மொத ஆளா உனக்குத்தான சொல்லுவாரு. நீ உடம்பு சரியில்லாம வரலன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

மேடத்திடம் போய் நின்றாள். லுப்னா மேடம் நல்லவர், கடிந்துகூடப் பேசவில்லை. குரூப்பில் போட்டாச்சே யசோதரா, எல்லோரும் வந்தார்களே என்றார். முறைப்படி தெரிவித்தாகிவிட்டது, நான் என்ன செய்யமுடியும் என்று கையை விரித்தார். பரிந்துரைப் பட்டியல் போய்விட்டது. அடுத்த பட்டியல் எப்போது என்று அவருக்கே தெரியாதாம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். சரிம்மா என்றார். மறுநாள் விடியுமுன் கொக்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை வரவில்லை... அதுதான் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம், ஒரு மதியம், சுடலைராஜ் எண்ணூர் நூலகத்துக்கு வந்தான்.

முகத்துவாரக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் செய்தித்தாள் மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை. ஜன்னல் விளிம்பில் படிந்த அனல்மின் நிலையத்துச் சாம்பலை யசோதரா துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது. கண்ணுக்குக் கீழே கருத்து, தாடி வளர்ந்து... பாவி, இப்படியா இளைப்பான்? கோபத்தைத் தேடினாள். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

அவன் உட்காரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். வியாசர்பாடி என்றே சொன்னானாம். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

“உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும், யசோதரா. அன்னைக்கு மழையில ஆட்டோவுல திட்டுனியே... அப்பமே. நீ இல்லாம என்னால முடியாது. பதிவுத் திருமணம் பண்ணிக்கலாம்.”

எத்தனை ராத்திரி கற்பனை செய்து பார்த்த வார்த்தைகள். கேட்டுக்கொண்டே அவள் துணியை மடித்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. குரூப்பில் ஒரு செய்தி போட்டால் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று போட்டவனின் போனில் பெயர் பெயராகத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

“என் பேரு வரலன்னு பாத்தியா?”

அவன் தலை குனிந்தது.

“சொல்லுபா. பாத்தியா, இல்லியா?”

“பாத்தேன்.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “சனிக்கிழமை பாத்தேன். ஞாயித்துக்கிழமையும் பாத்தேன். எல்லார் பேரும் வந்திட்டு. உன் பேரு மட்டும் வரல. போன் பண்ணாதேன்னு நீதானே சொன்னே... ஒரு தடவை தவிக்கட்டும், தானா கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல.”

பெரியவர் தூக்கத்தில் அசைந்தார். தூரத்தில் நிலக்கரி ரயில் ஒன்று முக்கிக்கொண்டு போனது.

அம்மாவிடம் சொன்ன பொய் பயத்தில் வந்தது; அதை அவள் என்றோ மன்னித்துவிட்டிருந்தாள். இது அவள் அப்பாவின் இடுப்பின்மேல் வைத்த பாரம். இருந்தும் மனசு அவன் பக்கமே சாய்ந்தது. ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாமே என்று கெஞ்சியது...

“மேடம்கிட்ட சொல்லு” என்றாள். “அவளுக்குச் சேதி போய்ச் சேரலை, சேரலைன்னு தெரிஞ்சும் நான் கூப்பிடலைன்னு. நீ சொன்னா அவங்க பேரைச் சேத்து அனுப்புவாங்க.”

“யசோதரா... விளக்கம் கேட்டு மெமோ குடுப்பாங்க. என் வேலை...”

அவள் தன் போனை எடுத்து மேடத்தின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் அவனுக்கும் தனக்கும் நடுவே வைத்தாள்.

மணி போனது... போய்க்கொண்டே இருந்தது.

“ஹலோ... சொல்லும்மா யசோதரா.”

அவன் உதடு பிரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் போனைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, மறுபடி போனைப் பார்த்தன. உதடு மூடிக்கொண்டது.

“ஹலோ? யாரு கூட இருக்காங்க? என்ன விஷயம்?”

அவள் காத்திருந்தாள். ஒரு பெண் எவ்வளவு காத்திருக்க முடியுமோ, அதற்குமேலும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு குனிந்து, குரல் பிசிறாமல் சொன்னாள்.

“யாருமில்ல மேடம். தெரியாம கை பட்டுடுச்சு. வச்சிடறேன்.”

போனை அணைத்தாள். சுடலைராஜ் அழுதுகொண்டிருந்தான். இப்போதுகூட அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட அவள் விரல் பரபரத்தது... விரலை மடக்கிக்கொண்டாள்.

“எனக்கும் உன்மேல அவ்ளோ ஆசை கீதுபா. யாருமில்லன்னு உன்னைக் காட்டிக் குடுக்காம வச்சேனே, அது இன்னான்னு இப்போ பாத்துட்டே இல்ல? அவ்ளோதான். கெளம்பு.”