புல் கேட்ட வாசலில் கற்றாழை

"இது என்ன?"

கேள்வி என்னவோ இரண்டே சொல்தான். ஆனால் பொன்மணி அதைக் கேட்ட வேகத்தில், எட்டயபுரம் ரோட்டின் எதிர்ச்சாரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். ஜி.எஸ்.டி. போடாத ஒரே சரக்கு வேடிக்கைதானே…

குட்டியானை வண்டியிலிருந்து ஆறாவது தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். பெயர் சாமித்துரை. பசுவந்தனை ரோட்டில் நர்சரி வைத்திருப்பவன்.

"கத்தாழை. ரயில் கத்தாழை."

"அப்ப ரயிலுக்குக் கொண்டுபோய் வைங்க! என் வாசலுக்கு எதுக்கு?"

ஊதா நிறத்தில், கம்பங்கதிர் மாதிரிப் பூவெடுத்து, காற்று வந்தால் மொத்தமாகச் சாய்ந்து எழும் அழகுப்புல். அதில் பன்னிரண்டு தூர் வேண்டுமென்று போனில் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்று புதன். வந்து இறங்கியிருப்பதோ, முனைக்கு முனை முள் வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி விறைத்து நிற்கும் கற்றாழை!

"போன்ல நான் என்ன கேட்டேன்?"

"புல்லு."

"கொண்டுவந்தது?"

"புல்லு வைக்கக் கூடாத எடத்துக்கு எத வைக்கணுமோ, அத."

"அதச் சொல்ல நீங்க யாரு அண்ணாச்சி?"

அவன் முகம் சுருங்கியது. இந்தச் சீமையில் கடைக்காரரை அண்ணாச்சி என்பது மரியாதைதான். ஆனால் கோபத்தில் இவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கும் இரண்டு கண்களுக்குச் சொந்தக்காரி சொல்லும்போது, அது அபராதம் மாதிரி அல்லவா விழுகிறது!

"எனக்கு இருபத்தொம்பது வயசுதாங்க ஆகுது."

"அறிவுக்கு எத்தன வயசு?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவன் தொட்டியை 'ணங்'கென்று வைத்தான்.

"கேளுங்க. ஒங்க புல்லுக்கு வாரம் ரெண்டு தண்ணி. தை மாசம் அடியோட வெட்டிவிடணும். வெட்டாம விட்டா சித்திரையில சருகாக் காஞ்சு நிக்கும்… ஒரு பீடித் துண்டு விழுந்தாப் போதும். இது அப்பிடியா? தண்ணி கேக்காது, ஆளு கேக்காது, தீப்பொறி விழுந்தாலும் பத்தாது."

"தண்ணி கேக்காதா? ஐப்பசி பொறந்தாச்சு. இந்தக் கரிசல்ல மழைத்தண்ணி வாரக் கணக்குல நிக்கும். ஒங்க கத்தாழை வேரழுகி உக்காந்துரும். புல்லுன்னா ஈரமும் தாங்கும், காய்ச்சலும் தாங்கும். நான் நெட்டுல படிச்சிட்டுத்தான் கேட்டேன்."

"மேடு கட்டி, சரளை போட்டு நட்டா அழுகாது. நான் மண்ணுல படிச்சவன்."

"இந்த முள்ள என்ன பண்ணுவீங்க? கேஸ் குடுக்க வாரவிய சேலையக் கிழிச்சுக்கிட்டுத்தான் உள்ள வரணுமா?"

"கேஸா… என்ன கேஸ்?"

"வக்கீல் ஆபீஸுக்கு வேற என்னத்தத் தூக்கிட்டு வருவாவ? கடலைமிட்டாயா?"

சாமித்துரை அப்படியே நின்றான்.

"அப்ப இது… ஆபீஸ் இல்லையா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கோவில்பட்டியில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். குச்சியும் மருந்தும் புழங்கும் தொழிற்சாலைக்கு இந்த ஊர் வைத்த பெயர் அது. வேறு ஊரில் ஒரு பெண் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் நாற்காலி நினைவுக்கு வரும். இங்கே மருந்து வாடை வரும்.

"போன்ல யாருன்னு கேட்டேன். 'காளிராஜ் மக, எங்க ஆபீஸ் வாசலுக்கு'ன்னீங்க. லொகேஷன் அனுப்புனீங்க. வந்து பாத்தா செவுத்துலயும் அவரு பேருதான் இருக்கு." அவன் கை நீட்டிய பக்கம், இரண்டு கை வெள்ளையடித்தும் உள்ளிருந்து தெரிந்தது… காளிராஜ் மேட்ச் ஒர்க்ஸ். அப்பாவின் பழைய குடோன் அது. "ஒங்க பேர நீங்க ஒரு எடத்துலயும் சொல்லலியே!"

பொன்மணிக்குச் சுருக்கென்றது.

அவள் பெயர் இருந்தது. வாசலுக்கு மேலே, புதுப் பலகையில், தினத்தாள் சுற்றி மூடியபடி. காளிராஜ் மகள் என்று யாரும் தேடி வராமல், வக்கீல் பொன்மணி என்று தேடி வரவேண்டும்… அந்த ஒரே ஆசைக்காகத்தான் இரண்டு வருடமாக அப்பாவோடு மல்லுக்கட்டுகிறாள். கடைசியில் ஒரு நர்சரிக்காரனிடம் போனில் முதல் வாய் திறந்தபோது வந்தது அப்பாவின் பெயர்! அதை இவன் வேறு கண்டுபிடித்துச் சொல்கிறான்!

கோபம் யார்மேல் என்று தெரியாதபோது எதிரில் நிற்பவர்மேல்தானே போகும்?

"சரி, எடுத்துட்டுப் போங்க. நாளைக்குப் புல்லு வரணும்."

"வராது."

"என்னது?"

"காளிராஜ் பேரு இருக்க செவுத்தோரம் நான் புல்லு நட மாட்டேன். வீட்டுக்குப் போயி, செல்வமாரின்னு ஒருத்தியத் தெரியுமான்னு ஒங்க அப்பாட்ட கேளுங்க."

அவன் குரல் உடைந்ததோ? நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணில் கோபம் இருந்தது. அதற்கு அடியில், சிறு பையனுடையதைப் போல ஒரு வலியும் இருந்தது… சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு தொட்டிகளை ஏற்றத் தொடங்கினான். முதல் தூறல் விழுந்தது. கரிசல் மண் வாசம் எழுந்தது. அவள் நனைந்துகொண்டே நின்றாள். 

*

காளிராஜின் தீப்பெட்டி ஆபீஸில் ஒரு புல் பூண்டு கிடையாது. பொன்மணிக்கு நினைவு தெரிந்த நாளாக வளாகம் முழுவதும் வழித்த தலை மாதிரிதான் இருக்கும். மழைக்கு ஒரு பச்சை தலைகாட்டினால்கூட அப்பா ஆள் விட்டுப் பிடுங்கிவிடுவார். அதனால்தான் தன் வாசலிலாவது புல் ஆடட்டும் என்று நினைத்தாள்.

"அப்பா, செல்வமாரி யாரு?"

பண்டல் பார்த்துக்கொண்டிருந்த காளிராஜ், எந்த வியாபாரியிடமும் ஒரு பைசா இறங்காதவர், மகள் முன்னால் சட்டென்று இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பெட்டியில குச்சி அடைக்க வந்துக்கிட்டிருந்தா… பதினெட்டு வருசம் ஆச்சு. வேலியோரம் புல்லு காஞ்சு கெடந்துச்சு. வெட்டச் சொல்லி ஒங்கம்மா தெனமும் கத்துனா. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்னு விட்டேன்." குரல் தேய்ந்தது. "புல்லு பத்தி, மருந்துக் குச்சி காயப்போட்ட ஷெட்டுக்கு வந்துட்டு. உள்ள நின்ன ரெண்டு பொம்பளையாள வெளிய தள்ளிட்டு வந்தா அவ. கை போச்சு. இப்ப மகன் நர்சரியிலதான் இருக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"செலவு பூரா நான்தான்…"

"போனீங்களா?"

"போகல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

"மூஞ்சி காட்ட முடியாதவரு பேரு என் செவுத்துல மட்டும் எதுக்குப்பா?"

இதுவரை அவள் அப்பாவை இப்படிக் கேட்டதில்லை. அவர் கீழே குனிந்து, புல் இல்லாத தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில நான் போறேன். வந்தா வாங்க. வராட்டி… நான் காளிராஜ் மகள்னு எவன்ட்டயும் சொல்ல மாட்டேன்."

*

வியாழன் காலை மழை அடித்துக்கொண்டு கொட்டியது. பசுவந்தனை ரோட்டிலிருந்து நர்சரிக்குப் பிரியும் மண்பாதையில் நான்கடி போவதற்குள் ஸ்கூட்டி உட்கார்ந்துவிட்டது. இறங்கி ஒரு எட்டு வைத்தாள். செருப்பு மண்ணோடு போனது. அடுத்த எட்டுக்கு அடுத்த செருப்பு.

"செருப்ப மறந்துருங்க வக்கீலம்மா. கரிசல் புடிச்சா விடாது."

குடையோடு சாமித்துரை நின்றிருந்தான். சிரிப்பை அடக்குகிறான்! மூக்கு நுனி வரை அவளுக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதீங்க!"

"சிரிக்கலியே…"

"கண்ணு சிரிக்குது."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். குடை மட்டும் அவள் பக்கம் நகர்ந்தது. அவன் தோள் நனைந்தது… இதையெல்லாம் கவனிக்கவா வந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

பச்சை வலைப் பந்தலுக்குள், இடது கையால் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள் செல்வமாரி. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. பார்த்ததும் பொன்மணிக்குத் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மா, நான்… காளிராஜ்…"

"தெரியும்ட்டி. இந்தக் கோவம் வேற யாருக்கு வரும்? நேத்துலருந்து இவன் ஒன் பேச்சுதான். வக்கீலம்மா இப்படிக் கேட்டா, அப்படி முறைச்சான்னு."

"எம்மா!" சாமித்துரை பதறினான்.

ரோட்டில் கார் வந்து நின்றது. வெகுநேரம் கதவு திறக்கவில்லை.  பிறகு வெள்ளை வேட்டி ஒன்று இறங்கியது. குடை இல்லை. முழங்கால் வரை சேறோடு வந்து பந்தல் ஓரத்தில் நின்ற காளிராஜ், இரண்டு கையையும் கூப்பினார். 

செல்வமாரி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பதினெட்டு வருசம் கழிச்சு வாரீகளோ? நனையாம உள்ள வாங்க மொதலாளி. ஒங்களத் திட்டணும். நெறைய கெடக்கு."

"திட்டு தாயி," என்றார் அவர். "அதுக்குத்தான் வந்தேன்."

தகர ஷெட்டுக்குள் போகுமுன் அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலே! புல்லு என்னல செஞ்சுச்சு? வெட்டாதவரு இந்தா வந்து நிக்காரு. புள்ள கேட்டதக் குடுல!"

மழைக்குள், பந்தலின் கடைசி வரிசையில் ஊதாக் கதிர்கள் ஆடிக்கொண்டிருந்தன. சாமித்துரை ஒவ்வொரு தூராக எடுத்து வைத்தான்.

"சிட்டையில என்ன பேரு எழுத?"

"பொன்மணி."

"யாரு மக?"

"பொன்மணி. வக்கீல். அவ்வளவுதான்."

அவன் எழுதினான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. வேண்டுமென்றே நேரத்தை இழுக்கிறான்! பன்னிரண்டாவது தூரை எடுக்கும்போது தொண்டையைச் செருமினான்.

"ஒரு கண்டிசன். தை மாசம் வெட்ட நான்தான் வருவேன். வேற ஆளு தொடக் கூடாது."

"வருசத்துக்கு ஒரு நாளா?"

"உரம் வைக்க மாசம் ஒருக்கா வரலாம்…"

"கட்டாது."

"வாரம் ரெண்டு தண்ணி…"

"கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க."

வியாபாரி வீட்டுப் பெண்ணிடம் பேரம் பேசினால் வேறெப்படி முடியும்? அவன் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒங்கமேல கோவப்படத்தான் பாக்கேன், வக்கீலம்மா. நேத்துலருந்து முயற்சி பண்ணுதேன்… நிக்க மாட்டேங்கு."

"எனக்கு நிக்குது!" அவள் கண்ணில் நீர் தளும்பியது. மழைநீர்தான் என்று யாராவது நம்பினால் நம்பட்டும்… "அப்பா மேல கோவம். என்மேல கோவம். அந்த வாசல்ல வச்சு 'ஒங்க பேரச் சொல்லலியே'ன்னு கேட்டீங்களே, அதுமேல கொலைக் கோவம். ஆனா இதெல்லாத்தையும் வேற யாருகிட்டயும் கொண்டுபோயிக் கொட்ட மனசில்ல. ஒங்ககிட்டதான் கொட்டணும்போல இருக்கு. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. போதுமா?"

தகர ஷெட்டுக்குள் செல்வமாரியின் குரல் ஓங்கி ஒலித்தது. திட்டு இப்போதுதான் சூடு பிடித்திருந்தது போல. நடுநடுவே காளிராஜ் "ஆமா தாயி… ஆமா" என்பது மட்டும் கேட்டது.

"மழைச் சத்தத்துல கடைசியாச் சொன்னது கேக்கல," என்றான் சாமித்துரை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"பொய்!"

"சத்தியமா."

பொன்மணி ஒரு எட்டு முன்னால் வந்தாள். வெறுங்காலோடு, கரிசல் சேற்றோடு, கண்ணை உருட்டி அவனை முறைத்தாள்.

கோபம் துளியும் குறையாமல், இன்னொரு தரம் சொன்னாள்.