கல் கேட்டது

“படம் ஓடின காலத்தைத் தாண்டிப் போடி பொண்ணே! எங்களுக்கு மன்றம் வேணும், சினிமா வேணாம்!” பேக்கரிக்காரக் கிழவி ஆர்கிரோவின் கத்தலில் மண்டபமே அதிர்ந்தது.

“தாண்ட முடியாதும்மா,” என்றாள் ஏதென்ஸிலிருந்து கருவியோடு வந்திருந்த தெஸ்பினா. “கல்லு மேலேர்ந்துதான் பேசும்.”

“ஆர்கிரோ, இந்த மெஷின் வேணும்னு என் உயிரை எடுத்ததே நீதானே?” என்றார் மேயர் ஸ்ட்ராட்டோஸ். “இப்ப என்ன வந்தது?”

என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் ஊரே நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தது.

கல்செவி என்ற அந்தக் கருவி, சுவரில் ஊறிய ஒலிகளை வெங்காயம்போல் உரித்துக் கேட்கும். புதியது முதலில், பழையது கடைசியில். துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கட்டடம் துருக்கியர் காலத்தில் மசூதி. பிறகு கிரேக்க நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடிய இடம் என்பது ஊரின் வாதம். தங்கள் ஊரில்தான் கூடியது என்பது பக்கத்து ஊரின் வாதம். அதற்குப் பின் சிறை, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை, இப்போது கல்யாண மண்டபம். மன்றத்தின் குரலைக் கேட்டுவிட்டால் வழக்கு தீர்ந்தது.

முதல் நாள் கல்யாணப் பேச்சுகள் உரிந்தன. வரப்போகும் மருமகளைப் பற்றி மாமியார்கள் கிசுகிசுத்ததெல்லாம் கணீரென்று கேட்டதில் இரண்டு நிச்சயதார்த்தங்கள் முறிந்தன. ஆர்கிரோ அன்று பூசணி விதை கொறித்தபடி சிரித்தவள்தான். இன்று சினிமாவின் முறை.

தெஸ்பினா விசையைத் தொட்டாள்.

“நிறுத்து! அந்த சிகரெட் என்னோடது!” ஆர்கிரோ எழுந்துவிட்டாள்.

கொறித்த வாய்கள் நின்றன.

“கொட்டகை எரிஞ்சதுக்குப் படம் ஓட்டின தனாசிஸ் காரணமில்ல. புரொஜெக்டர் ரூம்ல நான் ஒளிஞ்சு பிடிச்ச சிகரெட். அங்க இருந்தேன்னு தெரிஞ்சிருந்தா அப்பா கொன்னிருப்பார். என்னைக் கட்டிக்க இருந்த அவனை ஊரே சேர்ந்து துரத்திச்சு. நானும் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

தனாசிஸ் மெல்பர்னுக்குக் கப்பலேறிய அன்று கல்லெறிந்த கைகள் சில, சட்டைப் பைக்குள் போயின.

தெஸ்பினா விசையை அழுத்தினாள். குதிரைக் குளம்பொலி, துப்பாக்கிச் சத்தம், மறுபடி துப்பாக்கிச் சத்தம். அன்று ஓடிய சண்டைப் படத்தைத் தவிரச் சுவரில் ஒரு மூச்சுகூட இல்லை. ஆர்கிரோ வாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

இதற்குள் பேசியதெல்லாம் சுவரில் புதுத் தோலாக ஏறியிருந்ததால், மறுநாள் கருவியை மறுபடி மேலிருந்து தொடங்கினார்கள். முதலில் கேட்டது: “அந்த சிகரெட் என்னோடது!” அதைப் பற்றி ஊர் பேசிய பேச்சு அதற்கு அடுத்த நாள். அதைக் கேட்டுப் பேசிய பேச்சு அதற்கும் அடுத்த நாள். இந்த ஊர் வாயை மூடினால்தானே மன்றம் வாயைத் திறக்கும்! பெருமை பக்கத்து ஊருக்கே போயிற்று.

தெஸ்பினா மேயரின் மகனை மணந்து இங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணத்தை மட்டும் கடற்கரை மணலில் வைத்துக்கொண்டாள். ஆர்கிரோ பேக்கரியை மூடிவிட்டு மெல்பர்னுக்குக் குடிபோனாள். தனாசிஸ் அங்கே மணந்து, பிள்ளைகள் பெற்று, செத்தும் போயிருந்தார். அவருடைய கல்லறை முன்னால் அவள் தினமும் உட்கார்ந்து ஏதோ சொல்கிறாளாம்.

கல்செவியை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமா என்று ஊரார் தெஸ்பினாவிடம் விசாரித்தாகிவிட்டது.